அக்கரைக் குடை

வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் சேவியர்ராஜ் குடையை விரித்துவிட்டார். குமாரபாளையம் படித்துறையில் காவிரியை நோக்கி நீட்டிக் கட்டியிருக்கும் சிறு மேடையின் விளிம்பில் நின்று, அந்தக் கறுப்புக் குடையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தார். பிடித்த கையோடு ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, குளிக்க வந்து படிகளில் நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கத் தொடங்கினார்.

"விரிச்சாச்சா பாரும்மா."

மேல்படியில் டீக்கடை வைத்திருக்கும் பழனியம்மாள் புருவத்தின் மேல் கையைக் குவித்து அக்கரையை உற்றுப் பார்த்தார். "இன்னும் இல்லீங்க சாமி. ஆளையே காணோம்."

"நல்லாப் பாரும்மா."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கறனுங்க. டீ ஆறுது, மொதல்ல குடிங்க."

டீ ஆறினால் ஆறட்டும். அக்கரையிலிருந்து பதில் வராமல் அவர் தொண்டையில் எதுவும் இறங்காது. புதிதாக வருகிறவர்கள் பெரியவருக்குப் புத்தி ஏதும் பிசகியிருக்குமோ என்று ஒதுங்கி நிற்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே பல் துலக்குவார்கள்.

சேவியர்ராஜ் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சரக்கு வண்டியின் வாலில் ஒட்டிக்கொண்டு போகும் தனிப் பெட்டிதான் அவருடைய அலுவலகம். மகள் ஜெஸ்ஸிக்குக் குமாரபாளையத்தில் கல்லூரி வேலை கிடைத்ததும், சூரமங்கலத்தில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவி மரியபுஷ்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தார். தெரு முழுக்கப் பவர்லூம் சத்தம். மற்றவர்களுக்குத் தலைவலி, இவருக்குத் தாலாட்டு. சத்தம் நின்றுபோகும் பண்டிகை நாட்களில்தான் தூக்கம் வராமல் புரளுவார்.

ஓய்வு பெற்ற பிறகும் அவருக்குள் இருந்த கார்டு போகவில்லை. மாதா கோவில் தேர்ப் பவனியில் எல்லாருக்கும் கடைசியாகத்தான் வருவார். கல்யாணத்துக்கு வேன் பிடித்துப் போனால் அத்தனை பேரும் ஏறிய பிறகு, கதவடியில் இடுக்கிக்கொண்டு உட்காருவார். "கடைசி ஆளு ஏறிட்டாரான்னு யாராவது ஒருத்தர் பாக்கணும்ல?" என்பார். எதைக் கேட்டாலும் அவரிடம் இருப்பது ஒரே பதில், "ஆல்ரைட்." மரியபுஷ்பத்துக்கு இதில் தீராத மனத்தாங்கல். "கொழம்பு நல்லாருக்குன்னு ஒரு நாளு வாயத் தொறந்து சொன்னதில்ல. ஆல்ரைட்டாம். நான் என்ன கூட்ஸ் வண்டியா?"

காவிரிக்குக் குளிக்க வருகிறார்கள், அஸ்தி கரைக்க வருகிறார்கள், ஊர்ப் பண்டிகைக்குத் தீர்த்தம் எடுக்க வருகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு எந்தப் படிக்குக் கீழே ஆழம், எந்த இடத்தில் சுழல் என்பது தெரியாது. மேட்டூரில் தண்ணீர் கூடுதலாகத் திறக்கிற நாட்களில் உள்ளூர்க்காரர்களுக்கே கால் கூசும். ஆண்டுதோறும் யாராவது ஒருவரை ஆறு கொண்டு போவதைப் பார்த்துப் பொறுக்காமல், ஓய்வு பெற்ற சிலர் சேர்ந்து கரைக்காவலுக்கு ஒரு குழு அமைத்தார்கள். பேங்க் மேனேஜர், தலைமை ஆசிரியர், மின்வாரியப் பொறியாளர் என்று பெரிய பெரிய ஆட்கள். ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. விடியற்காலையில் வந்து நிற்கச் சொன்னால் ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவருக்குப் பேரன் பள்ளிக்கூடம். கூப்பிடாமலே வந்து நின்றவர் சேவியர்ராஜ்தான். பழைய விசிலையும் இரண்டு கொடிகளையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எதிர்க்கரையில், பவானிப் பக்கப் படித்துறையில், அறிவுச்செல்வி வந்து நின்றார். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தோளில் முதலுதவிப் பை, வாயில் அதட்டல். குழுவின் முதல் கூட்டத்தில் இவருக்கும் ஒரு ஜோடிக் கொடியைக் கொடுத்துச் சேவியர்ராஜ் சொன்னார். "காலைல வந்ததும் பச்சை காட்டுங்க சிஸ்டர். நானும் காட்டுறேன். இந்தப் பக்கம் ஆளு வந்தாச்சு, ஆல்ரைட்னு அர்த்தம். ஆபத்துன்னா செவப்பு."

"போன் இருக்குதுங்களே?"

"இருக்கட்டும். போன்ல கை அசையுறது தெரியாது."

அவர் சொன்னது அறிவுச்செல்விக்கு அன்று புரியவில்லை. சரக்கு வண்டி கார்டுக்குப் பேச்சுத் துணை கிடையாது. முன்னால் அத்தனை பெட்டிகளும் போக, கடைசியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து வர வேண்டும். ஸ்டேஷனைக் கடக்கும்போது அங்கே நிற்பவர் பச்சைக்கொடி காட்டுவார், இவர் பதிலுக்குக் காட்டுவார். முகம்கூடச் சரியாகத் தெரியாது. ஆனால் அந்தக் கை அசைவதைப் பார்த்துவிட்டால் அடுத்த ஸ்டேஷன்வரை நெஞ்சு லேசாக இருக்கும். காவிரியின் அகலத்தைத் தாண்டி ஒரு பச்சைத் துணி அசைந்தபோது அதே லேசு அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அதற்காகவே சீக்கிரம் எழுந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

போன ஆடியில்தான் அது நடந்தது. முந்தின நாளே மேட்டூரில் தண்ணீர் கூட்டியிருந்தார்கள். கீழ்ப்படிகள் முழுகி, ஆறு செந்நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. சேவியர்ராஜும் பரிசல்கார ஆண்டியும் படியின் குறுக்கே கயிறு கட்டினார்கள். அப்போது வாழப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது. மாரியம்மன் பண்டிகைக்குத் தீர்த்தக்குடம் எடுக்க வந்த மஞ்சள் சேலைக் கூட்டம். குளித்து ஈரச்சேலையோடுதான் குடத்தை நிரப்ப வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். முன்னால் நின்றவர் குழந்தைவேல் என்ற விவசாயி. அவருக்குப் பின்னால், பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மருமகள் பிரவீனா.

"எப்ப சார் எறங்கலாம்?" என்று குழந்தைவேல் கேட்டார்.

"இதைப் பாத்தீங்களா?" சேவியர்ராஜ் சிவப்புக்கொடியைத் தூக்கிக் காட்டினார். "இது இருக்குற வரைக்கும் ஒருத்தரும் தண்ணில கால் வைக்கக் கூடாது. கொடியைப் பாத்து நடந்துக்கங்க."

நல்ல ஜனங்கள். சொன்ன பேச்சைத் தட்டாமல் வரிசையாக நின்றார்கள். அத்தனை பேரும் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று அறிவுச்செல்வி வரத் தாமதம். சேவியர்ராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேடை விளிம்புக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். ஒருவழியாக அக்கரையில் வெள்ளைச் சேலை தெரிந்தது. அப்பாடா என்று சிவப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார், பச்சையை உருவினார், தலைக்கு மேல் ஆனமட்டும் வீசினார். ரயில்வேயில் கொடி யாருக்குக் காட்டப்படுகிறதோ அவருக்கு மட்டும்தான் அது பேசும். பிளாட்பாரத்தில் நிற்கும் வேறு யாரும் அதைப் பார்த்துத் தண்டவாளத்தில் இறங்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் ஊறிய மனிதருக்கு, தன் முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டமே இந்தப் பச்சைக்காகக் காத்திருக்கிறது என்பது தோன்றவே இல்லை.

"பச்சை காட்டிட்டாருடி!" என்று யாரோ சந்தோஷமாகக் கத்தினார்கள். குலவை கிளம்பியது. கயிற்றைத் தூக்கிவிட்டுக்கொண்டு கூட்டம் இறங்கியது. பண்டிகைக்காரர்கள் என்றால் குலவை போடத்தானே செய்வார்கள் என்று சேவியர்ராஜ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கண் அக்கரையில் இருந்தது.

அக்கரையில் சிவப்பு அசைந்தது.

அவர்கள் கொடி காட்டத் தொடங்கிய நாளிலிருந்து அறிவுச்செல்வி சிவப்பைக் காட்டியதே இல்லை. ஏன் சிவப்பு? யாருக்குச் சிவப்பு? சிவப்பைக் கண்டால் முதலில் தன் வண்டியைப் பார்ப்பதுதான் கார்டுக்குக் கை வந்த பழக்கம். திரும்பினார். இடுப்பளவுத் தண்ணீரில் மஞ்சள் சேலைகள்.

விசிலை ஊதினாரா, கத்தினாரா என்று கேட்டால் அவருக்கு இன்றும் தெரியாது. பழனியம்மாள் கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து இரண்டு பேரை முடியைப் பிடித்து இழுத்ததாகச் சொல்கிறார்கள். மற்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு மேலேறிவிட்டார்கள். பிரவீனாவின் கால் மட்டும் பாசிப்படியில் வழுக்கியது. அடுத்த நிமிடம் அவள் படித்துறையை விட்டே விலகிப் போயிருந்தாள்.

அவளைக் காப்பாற்றியது அந்தக் குடம். வெறுங்குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். விடவே இல்லை. கொஞ்ச தூரம் அது அவளை மிதக்க வைத்தது. அதற்குள் ஆண்டி பரிசலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு ஆண்டியின் கை அவள் பின்னலைப் பிடிப்பதும், குடமும் அவளுமாகப் பரிசலுக்குள் விழுவதும் தெரிந்தது. கரையில் எழுந்த சத்தம் அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை.

குழந்தைவேல் வந்து சேவியர்ராஜின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க விசில் ஊதலேன்னா எங்க குடும்பமே போயிருக்கும் சார். தெய்வம் மாதிரி நின்னீங்க."

அதைத்தான் சேவியர்ராஜால் தாங்க முடியவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. "இல்லீங்க. தப்பு என்னுது," என்றார். "நான் காட்டுன பச்சை உங்களுக்கு இல்ல."

குழந்தைவேல் பிடித்த கையை விடவில்லை. "எங்களுக்கு இல்லாம வேற யாருக்கு சார்?"

சேவியர்ராஜ் அக்கரையைக் காட்டினார். வெள்ளைச் சேலையில் ஒரு புள்ளி இன்னும் சிவப்பை ஆட்டிக்கொண்டே நின்றது. "காலைல வந்ததும் ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்குவோம். ஆல்ரைட்னு."

போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த பிரவீனாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "அந்தம்மாவுக்குக் காட்டுனதையா நாங்க எடுத்துக்கிட்டோம்?" அவள் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். சேவியர்ராஜ் மட்டும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். பழனியம்மாள் எல்லாருக்கும் டீ போட்டார். பிறகு ஆண்டியே மேல்படியோரம் தண்ணீர் மொண்டு அவர்கள் தலைக்கு ஊற்றி, குடங்களையும் நிரப்பிக் கொடுத்தார். மாரியம்மனுக்குத் தீர்த்தம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் சேவியர்ராஜ் படித்துறைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கொடிகளைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். மரியபுஷ்பம் குழம்பை ஊற்றிவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தார். ஆல்ரைட் வரவில்லை. மனைவிக்கு அதுதான் பயமாக இருந்தது.

அன்று மாலை அறிவுச்செல்வி பாலத்தைத் தாண்டி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. "ஏனுங்க, ஊட்டுலயே உக்காந்துக்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"ஒரு உசுரு போயிருக்கும் சிஸ்டர்."

"போகலீங்களே! அந்தப் புள்ள பழனியம்மாகிட்ட நம்பர் வாங்கிட்டுப் போயி நேத்து எனக்குப் போன் பண்ணுச்சு. பண்டிகை நல்லா நடந்துச்சாம், உங்கள விசாரிச்சுச்சு. இத்தன வருசம் ஆஸ்பத்திரியில இருந்தவ சொல்றனுங்க, தப்புப் பண்ணுனவன் மறுநாள் டூட்டிக்கு வரணும். அவன்தான் மறுபடி அந்தத் தப்பப் பண்ண மாட்டான்." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "ரெண்டு நாளா அந்தக் கரைல நின்னு பாக்கறேன், இந்தக் கரைல யாருமே இல்ல. எனக்கு எப்பிடி இருக்குமுங்க?"

கை அசைவதைப் பார்க்கும் ஏக்கம் தனக்கு மட்டும்தான் என்று சேவியர்ராஜ் நினைத்திருந்தார்.

"பச்சை இனி வேண்டாம்," என்றார் கடைசியில்.

"வேண்டாம். குடைய விரிங்க. குடையப் பாத்து யாரு ஆத்துல எறங்கப் போறாங்க? மழ வருதோன்னு மேல பாப்பாங்க, அவ்வளவுதானுங்க."

மரியபுஷ்பம் சிரித்துவிட்டார். சேவியர்ராஜும் சிரித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். குடையை விரித்ததும் படிகளைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அக்கரைப் பதிலுக்காக இனி ஆற்றைப் பார்த்து நிற்க மாட்டார்.

"அப்ப நான் விரிச்சது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பழனியம்மா சொல்லும்."

இதோ, இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறார். டீயின் மேல் ஆடை படிந்துவிட்டது. கீழ்ப்படியில் கால் நனைக்கப் போன ஒருவரை, "அண்ணே, அதுக்குக் கீழ வேண்டாம்," என்று மேலே ஏற்றினார். குடை பிடித்த கை வலிக்கிறது. கை மாற்றிக்கொண்டார்.

"விரிச்சுட்டாங்க சாமி!" என்று பழனியம்மாள் கத்தினார். "இன்னிக்குப் புதுக் குடையாட்ட இருக்குதுங்க. பூப் போட்டது. ஒருக்கா திரும்பித்தான் பாருங்களேன்!"

சேவியர்ராஜின் முகம் மலர்ந்தது. கண்ணைப் படிகளை விட்டு எடுக்காமல், ஆற்றுக்கு முதுகைக் காட்டியபடியே, குடையை இன்னொரு முறை உயர எம்பித் தூக்கி ஆட்டினார்.