கீசர் உரித்த காலை

பழுதான கீசரை எடைக்குப் போட்டுவிடலாம் என்று ஆண்டிபட்டி பழைய இரும்புக்கடைக்காரரைக் கூப்பிட்டேன். "மேல் தகரம், உள்ள இருக்க மஞ்சப் பஞ்சு எல்லாத்தயும் உரிச்சு வச்சிருங்கண்ணே, மதியம் வாரேன்" என்றார்.

வாசலில் அரிவாளோடு உட்கார்ந்தேன். ஆடிக் காற்று. பறந்த பஞ்சில் பாதி என் வியர்வையில் ஒட்டியது. மீதி பக்கத்து வீட்டுக் கொடித்துணியில்.

அந்த வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். "மாப்ளைக்கு யாரு மஞ்சத்தண்ணி ஊத்துனாக?"

இரண்டு மணி நேரம் சுரண்டிய பிறகு உள்ளே இருந்த செம்புத் தொட்டி தகதகவென்று வெளிப்பட்டது. கடைக்காரரும் தராசோடு வந்துவிட்டார்.

அம்மா வெளியே வந்து தொட்டியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஏலே, என் சீர் செம்பு அண்டாவ வித்துத்தான இத வாங்குன? உள்ள செம்புன்னு அன்னைக்கே ஏன் சொல்லல? இது இங்கனயே கெடக்கட்டும். மேல்பக்கத்த மட்டும் வெட்டி விடு, அடுப்புல ஏத்தி வெந்நி வைக்கலாம்."

கடைக்காரர் தகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"பஞ்சு?" என்று கேட்டேன்.

"அது ஒங்களுக்குத்தாண்ணே."

நாளையிலிருந்து எங்கள் வீட்டுக் கீசர் விறகில் ஓடும். காய்ந்த விறகு வைத்திருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். பதிலுக்கு ஒரு மூட்டை மஞ்சள் பஞ்சு தருகிறேன்.