கொழுந்துக் குழாயில் விழுந்த பூனை

நீர் பொய் சொன்னீர். ஆட்களை எண்ணி மலைக்கு அனுப்பும் பெரட்டுக்களத்தில், துரைக்கு முன்னால், தோட்டமே கேட்கப் பொய் சொன்னீர். அப்போது நீர் எங்கள் பேக்டரியை நடத்தும் டீமேக்கர். நான் மாடியில் தேயிலைக் கொழுந்து பரப்புகிறவன். உமது சொல் ஏறியது, என் சொல் ஏறவில்லை. இப்போது உமக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மாடி வேலை எப்படிப்பட்டது என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரியாது. பறித்த கொழுந்து பிற்பகலில் மேலே வரும். அதைச் சாக்குத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி வாட வைக்க வேண்டும். வாடியதும் தரையில் இருக்கும் சதுரக் கதவைத் திறந்து, அதன் கீழே தொங்கும் சாக்குக் குழாய் வழியாக, கொழுந்தை உருட்டும் மெஷினுக்குத் தள்ள வேண்டும். இரவில் விழித்துப் பகலில் தூங்குகிற வேலை. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஜனம் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது நான் கதவைச் சாத்திப் படுப்பேன். அவர்கள் திரும்பி வந்து அடுப்பு மூட்டும்போது நான் பேக்டரிக்கு நடந்துகொண்டிருப்பேன். என் மனைவி இந்த நாட்டுக்கு வந்த இரண்டாம் வருஷம் பேதியில் போய்விட்டாள். அதன் பிறகு ஒரு வாரத்தில் நான் பேசும் வார்த்தைகளை விரல் விட்டு எண்ணலாம். அதிலும் பாதி "சரிங்கய்யா" தான்.

எலிகள் சாக்கைக் கடித்ததால் மாடியில் ஒரு பூனை வைக்கச் சொன்னார் துரை. சாம்பல் நிறப் பெட்டைப் பூனை வந்தது. பெயர் வைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான் அங்கே, பெயர் எதற்கு?

கொழுந்துக் குவியலுக்கு மேலே அதை மல்லாக்கப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து விடுவேன். ஒவ்வொரு முறையும் நாலு காலில் நிற்கும். எப்படி என்று பார்க்க எனக்கு நேரம் கிடந்தது. முதலில் தலை திரும்பும். முன்னங்கால்களை மார்போடு ஒடுக்கி, பின்னங்கால்களை நீட்டி விரித்து, முன்பாதி உடம்பைத் திருப்பும். அடுத்து முன்னங்கால்களை நீட்டிப் பின்னங்கால்களை ஒடுக்கும், பின்பாதியும் வந்துவிடும். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இந்த விளையாட்டு அதற்குப் பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். பிடிக்காவிட்டால் ஓடியிருக்கும். ஓடவில்லை.

நீர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டீர். அன்றிலிருந்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வேடிக்கை காட்டினீர். மாடி ஜன்னலிலிருந்து புல்தரையில் போடுவீர். அது காலில் நின்று, படியேறி வந்து, தட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அரை நாள் என்னிடம்கூட வராது.

அது ஐப்பசி மழை. முந்தின நாள் கொழுந்து நடுப்பகலாகியும் வாடாததால் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஈரக்காற்று ஏறாமல் இருக்க ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். மெஷின் ஓடவில்லை. பெரகலையிலிருந்து பெட்டிப் பலகை கொண்டு வந்த வண்டிக்காரர், மழை விடட்டும் என்று உம்மோடு மேலே வந்தார்.

"ஐயா, பூன எங்கேர்ந்து விழுந்தாலும் நாலு காலுல நிக்குமாமே, நெசந்தானா?" என்று கேட்டார் அவர்.

"பாக்குறீங்களா? டேய், அதப் புடிச்சிட்டு வா."

"ஐயா, ஜன்னல் சாத்தியிருக்குங்க. தொறந்தா ஈரம் ஏறிடும்" என்றேன். பூனையைக் காப்பாற்றத்தான் சொன்னேன்.

"ஜன்னல் எதுக்குடா? இந்தா குழா இருக்கே. கொழுந்து போற வழியில பூன போகாதா?"

வண்டிக்காரர் சிரித்தார். "அப்புறம் பூனத் தூளுன்னு எழுதி கொழும்புக்கு ஏத்தணுங்கய்யா."

"வேணாங்கய்யா" என்றேன்.

"என்னடா, பொண்டாட்டியக் கேட்ட மாதிரி மொறைக்கிற?"

நீர் சொன்னபடி கதவைத் திறந்து, பூனையைக் கொடுத்தேன். இதை மறைக்கமாட்டேன், என் கையால்தான் எடுத்துக் கொடுத்தேன். தினமும் கூடை கூடையாகக் கொழுந்து சத்தமில்லாமல் இறங்கும் குழாய் அது. ஓர் இலை கசங்காது. மாடியில் வேலை செய்தவன் எவனும் அதை மெத்தை என்றுதான் நினைப்பான். நானும் நினைத்தேன். திரும்புவதற்கு அது கால் நீட்ட வேண்டும், அதற்கு இடம் வேண்டும் என்று எத்தனையோ முறை பார்த்தவன் நான். அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. நீர் அதை மல்லாக்கப் பிடித்துக் கதவுக்குள் விட்டீர்.

நகம் சாக்கைக் கீறும் சத்தம் கேட்டது. பிறகு கல்தரையில் ஒரு சத்தம். கீழே ஓடினேன். மெஷின் ஓடாததால் குழாயின் அடியை அதிலிருந்து ஒதுக்கிவிட்டிருந்தார்கள்; பூனை மெஷினுக்குப் பக்கத்தில் முதுகு அடிபட்டுக் கிடந்தது. முன்னங்கால்களால் இழுத்து இழுத்து என்னிடம் வரப் பார்த்தது. பின்னங்கால்கள் வரவில்லை. மெஷின்காரர்கள் இரண்டு பேரும் மேலே மாடிப்படியில் தெரிந்த உமது முகத்தைப் பார்த்தார்கள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் பெரட்டில் துரை கேட்டார்: "யாரு கதவு தொறந்து வெச்சது?"

"இவன்தாங்க தொர" என்றீர் நீர். "குழாக் கதவ மூடாம தூங்கிட்டான். பூன விழுந்திருச்சு."

"இல்லீங்க தொர" என்று ஆரம்பித்தேன். கங்காணி என் தோளை அழுத்தினார். "சும்மா இருப்பா, வேல போயிரும்."

சும்மா இருந்தேன். மாடி வேலையும் போயிற்று. புல் வெட்டும் கூட்டத்தில் போட்டார்கள்.

பூனை என் அறையில் இன்னும் இரண்டு நாள் கிடந்தது. பாலைத் துணியில் நனைத்து வாயில் வைத்தேன். மூன்றாம் நாள் மலையிலிருந்து வந்து பார்த்தபோது விறைத்திருந்தது. நான் இல்லாத நேரத்தில் செத்திருக்கிறது.

புல் வெட்டும் கூட்டத்தில் பகலில் மனிதர்களோடு இருந்தேன். ஓடைக்கரையில் எல்லோரும் சோற்றைப் பிரித்து உட்காருவார்கள். நான் கிட்டே போனால், "மாமா, கதவ மூடிட்டு வந்தீங்களா?" என்று ஒருத்தி கேட்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் எட்டிப் போய்ப் பாறையில் உட்கார்ந்து தின்பேன். அப்படியே வருஷங்கள் போயின. புதிதாக வந்த ஆட்களுக்கும் என்னைத் தூங்கி வழிந்து பூனையைக் கொன்றவன் என்றுதான் காட்டினார்கள். என் வேலையில் ஒருநாளும் நான் தூங்கியதில்லை.

நீர் இப்போது பண்டாரவளையில் இருக்கிறீர். தேநீர்க் கடையில் இந்தக் கதையைச் சொல்லி இன்னும் சிரிக்க வைக்கிறீராம். அந்தக் கதையிலும் கதவை மூடாமல் தூங்கியவன் நான்தானாம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்ச் சந்தைக்கு எங்கள் தோட்டத்து ஜனம் எல்லாம் வரும். அங்கே நின்று, அவர்கள் காதில் விழும்படி சொல்லும்: கதவைத் திறக்கச் சொன்னது யார்? பூனையை உள்ளே விட்டது யார்? தனியாக என்னிடம் வந்து சொன்னால் ஏற்கமாட்டேன். என் கை செய்ததை நான் இங்கே எழுதிவிட்டேன். உமது கை செய்ததை நீர் அங்கே சொல்லும்.