பேரன் காரும் என் குப்பைத் தீயும்

என் மகளின் மூத்த பிள்ளை கௌதம் இன்ஜினியராகி, சொந்தச் சம்பாத்தியத்தில் கார் வாங்கிவிட்டான். சின்னவள் மதுமிதா பீளமேட்டுக் காலேஜில், காற்றிலுள்ள தூசியை அளக்கும் மீட்டர் ஒன்று செய்து முதல் பரிசு வாங்கியிருக்கிறாள்.

இன்று காலை முதல் சவாரிக்கு என்னைக் கூப்பிட இரண்டு பேரும் காரில் வந்தார்கள். நான் வாசல் கூட்டிய சருகையும் பால் கவரையும் எரித்துக்கொண்டிருந்தேன்.

"ஊர்க் காத்தைக் கெடுக்கறதே காருதான். நான் ஏற மாட்டேன் கண்ணு," என்றேன்.

பேரன் முகம் வாடிப்போயிற்று.

மது கையோடு கொண்டுவந்திருந்த மீட்டரை, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த காருக்குப் பின்னால் பிடித்தாள். எண் கொஞ்சம் ஏறியது. என் தீக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததும் மளமளவென்று ஏறியது.

"அமுச்சி, ஊருக்குப் பாத்தா வண்டிப் புகை, ரோட்டுத் தூசி, குப்பை எரிக்கறது எல்லாமே சேருதுங்க. நம்ம வாசல்ல மட்டும் முதல் பரிசு உங்களுக்குத்தானுங்க."

ஒரு குடம் தண்ணீரை ஊற்றித் தீயை அணைத்துவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். உக்கடம் குளம் வரை போய் வந்தோம்.

கௌதம் கண்ணு, காலையில் வாசலில் எடுத்து நீ ஸ்டேட்டஸில் போட்டிருக்கிற போட்டோவில் காருக்குப் பின்னால் என் புகைதான் தெரிகிறது. பார்க்கிறவர்கள் உன் கார் விட்ட புகை என்று நினைத்துக்கொள்வார்கள். அதை எடுத்துவிட்டு, நான் உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி புதிதாக ஒன்று போடு.