பந்தின் அடியில் ஒரு கீறல்

எங்கள் அத்தைக்கு வேலை, அடுத்தவர் வீட்டுச் சுவரில் ஓட்டை போடுவது. திரைச்சீலைக் கம்பியோ அலமாரியோ, ட்ரில்லிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். "என் காதுலயும் அதே வேலைதான்" என்பார் மாமா.

தலைக்கு மேலே கூரையில் துளை போட்டால் தூசி கொட்டும். அதற்கு அத்தை ஒரு வழி வைத்திருந்தாள். பிள்ளைகள் தரையில் அடித்து விளையாடும் ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டி, துளையிடும் கம்பியில் கிண்ணம் மாதிரி கோத்துவிடுவாள். தூசியெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டதால், ஏணி பிடிப்பவன் நான். ஒரு காலையில் அந்தப் பந்தின் அடியில் பிளேடால் கீறிவைத்தேன். தூசி அவள் தலையில் கொட்டும், "ஒரே நாள்ல நரைச்சிடுச்சே அத்தை" என்று சிரிக்கலாம். அவ்வளவுதான் திட்டம்.

அன்று போன வீட்டில், கட்டிலில் ஒரு பெரியவர். நகர்த்த முடியாத உடம்பு, மூச்சிரைப்பு. அவரைச் சுற்றித் திரை போட மேலே கொக்கி மாட்ட வேண்டும்.

"தூசின்னா அப்பாவுக்கு ஆகவே ஆகாது. ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிட்டேன்" என்றாள் மகள்.

"ஒரு பொட்டுக்கூட விழாதும்மா. விழுந்தா என்னைக் கேளுங்க" என்றாள் அத்தை.

கீறலைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த அம்மா முன்னால் மானம் போகுமே. நல்ல பிள்ளை மாதிரி ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மெஷின் சுற்றியதும் வெள்ளைத் தூள் நேரே தலையணையில் இறங்கியது. பெரியவர் இருமினார். பிறகு இருமக்கூட மூச்சில்லை. மகள் ஓடிவந்து இன்ஹேலர் மருந்தை வாயில் அடித்தாள். அவர் நெஞ்சு ஏறி இறங்கி அடங்குவதற்குள் எனக்கு ஒரு வயசு கூடிவிட்டது.

"ரப்பர் பழசும்மா. நான் பாத்திருக்கணும், தப்பு என்னுதுதான்" என்றாள் அத்தை.

"போதும், கிளம்புங்க."

தெருவில் அத்தை பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தானா கிழிஞ்சா பல்லு பல்லா இருக்கும். இது கோடு போட்ட மாதிரி இருக்கேடா."

"நான்தான் அத்தை. சும்மா விளையாட்டுக்கு..."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நான் வாக்கு குடுத்தப்போ நீ அங்கதானே நின்னே?"

"ஆமா."

என் தோளிலிருந்த ஏணியை இறக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். வீடு வரை வெறுங்கையோடு அவள் பின்னால் நடந்தேன்.