41, 42: குறை இல்லை

1. சீட்டு

ஒரு ஜனவரி மாதத் திங்கட்கிழமை, காலை பதினோரு மணிக்கு இரண்டு பிஸ்டல் மேகசின்கள் என் மேசைக்கு வந்தன. எண் 41, 42. கட்டியிருந்த சீட்டில் ‘ஸ்டாப்பேஜ்’ என்று ஒரே வார்த்தை. பயிற்சியில் சுட்டுக்கொண்டிருக்கும்போது பிஸ்டல் நின்றுபோனால் எங்கள் தொழிலில் அதற்கு அதுதான் பெயர். எப்படி நின்றது, எத்தனை மணிக்கு நின்றது என்று எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது. அந்தப் படிவத்தைச் சுருக்கி அமைத்தவன் நான்.

மஞ்சூருக்கு மேலே ஒரு சரிவில் இருந்த பயிற்சி மையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவனாக, இருந்தேன். துறையின் பெயர் வேண்டாம். சீருடை உண்டு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விதிமுறைகள் எனக்கு மனப்பாடம். பத்தி எண் சொன்னால் வாசகத்தைச் சொல்வேன். யாரும் கேட்காதபோதும் சொல்லியிருக்கிறேன். அந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மேகசின் எளிய பொருள். தகடால் ஆன ஒரு கூடு, உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் தலையில் குண்டுகளைத் தாங்கும் பிளாட்ஃபார்ம், அடியில் ஒரு மூடி. ஒரு குண்டு வெடித்ததும் பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் போய்த் திரும்பும். அது திரும்புவதற்குள் ஸ்பிரிங் அடுத்த குண்டை மேலே தள்ளி நிறுத்த வேண்டும். தாமதமானால் ஸ்லைடு வெறுமனே மூடிக்கொள்ளும். சுடுகிறவர் விசையை அழுத்துவார். ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும்.

நான் மேகசின் வாயில் குண்டைப் பிடித்து நிறுத்தும் உதடுகளை அளந்தேன். ஸ்பிரிங்கை அளந்தேன். ஜன்னல் வெயிலில், ஹீட்டர் பக்கத்தில் இருந்த பெஞ்சில், வெடிக்காத டம்மி ரவுண்டுகள் பதிமூன்றை நிரப்பி ஸ்லைடை இழுத்து இழுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக ஏறி வந்தன. ‘குறை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, விதிப்படி உள்ளே எண்ணெய் பூசித் திருப்பி அனுப்பினேன்.

அந்த விதியும் என்னுடையதுதான். இந்த மலையில் மழைக்காலத்தில் மூடி வைத்த பெட்டிக்குள்கூட இரும்பு துருப்பிடிக்கும். அதனால் இருப்பில் உள்ள மேகசின்களுக்கு உள்ளே கெட்டியான காப்பு எண்ணெய் பூச வேண்டும், ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெளியே போகும் எதற்கும் மறுபடி பூச வேண்டும் என்று நிலையாணை தயாரித்துக் கொடுத்தேன். பாராட்டுக் கடிதம் வந்தது.

2. ஸ்டெல்லா

வியாழக்கிழமை அதே இரண்டு மேகசின்கள் அதே சீட்டோடு வந்தன. அவற்றின் பின்னாலேயே அவற்றை உபயோகித்த, பயிற்சிக்கு வந்தவரும் வந்துவிட்டார். பெயர் ஸ்டெல்லா. அந்த அணியில் ஒரே பெண்.

“சார், ஒரு நிமிசங்க.”

“ட்ரெயினி இங்க வரக்கூடாதும்மா. இன்ஸ்ட்ரக்டர் மூலமா வரணும்.”

“அவருகிட்ட சொல்லிட்டேன் சார். உன் மணிக்கட்டு வீக்குன்னு சொல்றாரு.”

நெல்லியாளம் பக்கத்து டீ எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற குடும்பம். அப்பாவுக்குப் பக்கவாதம், அவரைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு ஆள் வேண்டும், வீட்டில் அம்மா ஒருத்திதான். சமவெளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவுக்கு, வீட்டுக்குப் பக்கத்திலேயே பந்தலூரில் ஓர் இடம் காலியாக இருந்தது. பிஸ்டல் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டும் கொடுக்கும் இடம். அப்பாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்ததால் பயிற்சிக்கு ஒரு வாரம் தாமதமாக வந்தார். மற்றவர்கள் புழக்கத்தில் இருந்த மேகசின்களை எடுத்துக்கொண்டுவிட்டதால் இவருக்கு இருப்பிலிருந்து இரண்டு கொடுத்தார்கள். இதையெல்லாம் நின்றபடியே சொன்னார். நான் உட்காரச் சொல்லவில்லை.

“காலி கேஸ் சுத்தமா வெளிய விழுந்துருது சார். அடுத்த ரவுண்டுதான் மேல வரமாட்டேங்குது.”

மணிக்கட்டு தளர்ந்தால் பெரும்பாலும் காலி கேஸ், அதாவது வெடித்த குண்டின் வெற்று உறை, ஸ்லைடின் வாயில் சிக்கி நிற்கும். கேஸ் விழுந்து, அடுத்த குண்டு வராவிட்டால் மேகசினைப் பார்க்க வேண்டும். அவர் சொன்னது பாதி நோயறிதல். நான் அவருடைய பூட்ஸிலிருந்து தரையில் விழுந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏழு மணிக்கு முதல் பேட்ச் சுடணும் சார். லேடீஸ் ஃபர்ஸ்ட்னு சொல்லி என்னையத்தான் முதல்ல நிறுத்துறாங்க. புல்லெல்லாம் உறைபனி. வீட்டுல தேங்காயெண்ணெய் பாட்டிலோட கட்டியாயிருதில்லீங்களா, அந்த மாதிரி உள்ள இருக்கிற எண்ணெயும்…”

“இது தலைக்குத் தடவுற எண்ணெய் இல்லம்மா.”

“ஒரு நாள் காலையில நீங்களே ரேஞ்சுக்கு வந்து பாத்தீங்கன்னா…”

“எழுத்துல கூப்பிட்டா வர்றேன்.”

அவர் போனதும் சோதித்தேன். மணி பதினொன்றே கால். குறை இல்லை. எண்ணெய் பூசினேன்.

அன்று மதியம் கேன்டீனில் இன்ஸ்ட்ரக்டர் பழனிச்சாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோயம்புத்தூர்க்காரர்.

“ஏனுங்க ஆர்மரரு, அந்தப் புள்ள உங்க மேகசின் மேல பழி போடுதுங்களே. ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“ரெண்டு தடவை எழுதிக் குடுத்திருக்கேனே.”

“அது போதுமுங்க. கொழுந்து பறிக்கிற கையி, அதுல போய் பிஸ்டல் நிக்குமுங்களா?”

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை; நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார். நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, முதுகில் மூட்டையோடு மேடு ஏறுகிற வீட்டுப் பெண்ணின் கை எங்கள் இருவர் கையையும்விட உறுதியானது என்று எனக்குத் தெரியும். டீயைக் குடித்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தேர்வு. ஸ்டெல்லாவின் பிஸ்டல் நான்கு முறை நின்றது. தேர்வு முடிவைப் பதிவதற்கு முன் மேகசின்கள் கடைசியாக என்னிடம் வந்தன. மூன்றாவது முறையாக எழுதினேன். ஆயுதத்தில் குறை இல்லை என்று ஆர்மரர் சான்று கொடுத்தால் ஸ்டாப்பேஜ் சுடுகிறவர் தவறு, அதுவும் விதிதான். என் மூன்று சீட்டுகளையும் அவர் கோப்பில் வைத்துத் தைத்து, மதியப் பஸ்ஸில் அவரைச் சமவெளிக்கே திருப்பி அனுப்பினார்கள்.

3. ஏழரை மணி

அடுத்த வாரம் காற்றில் மரம் விழுந்து மையத்தில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. இருப்புக் கணக்கெடுப்புக்காக ஏழரை மணிக்கே ஒர்க்‌ஷாப்பைத் திறந்தேன். ஹீட்டர் இல்லை. மூச்சு புகையாக வந்தது. இருப்புக்குத் திரும்பியிருந்த 41ஐக் கையில் எடுத்து, காரணமில்லாமல், பிளாட்ஃபார்மைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டேன்.

அது உடனே எழும்பவில்லை. யோசித்து, மெதுவாக, பாதி வழியில் நின்று, மேலே வந்தது.

அடிமூடியைக் கழற்றினேன். ஸ்பிரிங்கின் சுருள்கள் பழுப்புக் களிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. இருப்பில் வைத்தபோது ஒரு பூச்சு. அதன்பிறகு நான் ‘பராமரித்த’ ஒவ்வொரு முறையும் ஒரு பூச்சு. மற்றவர்களின் மேகசின்கள் தினமும் கையில் புழங்கி, பேன்ட்டில் துடைபட்டு, எண்ணெய் வற்றிப்போனவை. ஸ்டெல்லாவுடையவை மட்டும் என் ஆணைப்படி இருந்தன.

42ம் அப்படித்தான். இரண்டையும் ஜன்னலோரம் வைத்தேன். பதினோரு மணிக்கு வெயில் பட்ட பிறகு அழுத்தினேன். வழக்கம்போல் நேர்மையாக எழும்பின.

மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

“மூணு சீட்டும் உங்க கையெழுத்து. தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருசம் இருக்குது உங்களுக்கு. எண்ணெய் ஆர்டரை மாத்திருங்க. இனிமே யாருக்கும் நடக்காது. முடிஞ்சுபோன கோப்பை எதுக்குக் கிளறணும்?”

அவர் சொன்னதில் விதிப்படி தவறு ஒன்றும் இல்லை. ஆணையை அன்றே மாற்றினேன். மற்றதை யோசித்தேன். நான்கு நாள் யோசித்தேன். ஐந்தாம் நாள்தான் என் மூன்று சான்றுகளும் தவறு என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு மெமோ வந்தது, பணிப் பதிவேட்டில் கண்டனம் ஏறியது. ஸ்டெல்லாவின் தோல்வியை ரத்து செய்து, அடுத்த ஆண்டுப் பயிற்சியில் மறுதேர்வு என்று உத்தரவு வந்தது. பந்தலூர் இடம் மட்டும் இல்லை. நான் யோசித்த நான்கு நாட்களில் மூன்றாவது நாள் அதை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

4. மறுதேர்வு

அடுத்த ஜனவரியில் ஸ்டெல்லா வந்தார். யாரும் எழுத்தில் கூப்பிடவில்லை. ஆறே முக்காலுக்கு ரேஞ்சில் இருந்தேன். மேகசின்களை முந்தைய நாளே பிரித்து, துடைத்து, உலர்த்தி வைத்திருந்தேன். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் வாங்கி, என் எதிரிலேயே அடிமூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்து, கூட்டுக்குள் கைக்குட்டையை விட்டுத் துடைத்துப் பார்த்தார். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை.

“தப்பா நினைக்காதீங்க சார்.”

“பாத்துக்கோம்மா.”

எல்லாக் குண்டுகளும் போயின. ஒருமுறைகூட நிற்கவில்லை. பழனிச்சாமி குறி அட்டையைப் பார்த்துவிட்டு, “கை நல்லாத்தானுங்க நிக்குது” என்றார், போன வருடமும் அதையே சொன்னவர்போல.

திருப்பிக் கொடுத்த மேகசின்களைப் பதிவேட்டில் வரவு வைக்கும்போது கேட்டேன்.

“எங்க போஸ்டிங்?”

“பழைய இடந்தான் சார். கீழயே.”

“அப்பா?”

“ஜூலையில தவறிட்டாரு சார். நான் அப்ப டூட்டியில இருந்தேன்.”

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நன்றி சொல்லவில்லை, சொல்லவேண்டியது எதுவும் இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு: மேகசினின் உட்புறம் உலர்ந்திருக்கட்டும், எண்ணெய் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். இருப்புக்குப் பூசியதை, கையில் கொடுப்பதற்கு முன் முழுக்க எடுத்துவிடுங்கள். நின்ற மேகசினை அது நின்ற இடத்தில், நின்ற நேரத்தில் சோதியுங்கள். இது பாதிப் பாடம். மறுபாதி பதிவேட்டில் இல்லை. எண்ணெய் என் தவறு, ஆனால் தெரியாமல் செய்தது. அந்த நான்கு நாட்களை நான் தெரிந்தே எடுத்துக்கொண்டேன். அதற்கு எனக்கு மெமோ எதுவும் வரவில்லை.