இழுத்தும் வராத முருங்கைக்காய் நார்

வாஷியில் ஒரு கிளினிக்கில், நார் கலந்த பிளாஸ்டிக்கைக் கம்ப்யூட்டர் மெஷினில் செதுக்கி எனக்குப் பல் கட்டியிருந்தார்கள். ஒருநாள் அது நாக்கில் நெருடியது. நாங்கள் இருக்கும் செம்பூரிலிருந்து அங்கே போக ரயிலேறச் சோம்பல்பட்டு, நெயில் ஃபைலால் நானே தேய்த்துவிட்டேன்.

மறுநாள் சாம்பார் சாதம் சாப்பிட்டதும், பல்லில் வெள்ளையாக ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏன்னா, முருங்கைக்காய் நார் மாட்டிண்டிருக்கு. சித்த இழுங்கோ!"

என் கணவர் இழுத்தார். வரவில்லை; பல்லுக்குள்ளிருந்தே முளைத்ததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. பயந்துபோய் கிளினிக்குக்கு ஓடினோம்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆன்ட்டி, இது கண்ணாடி நார். இந்தப் பல்லுக்கு பலமே இதுதான். மேல் பூச்சைத் தேய்ச்சிட்டீங்க. நல்லவேளை, உள்ளே எதுவும் உடையல." அரை மணியில் மறுபடி பூசிச் சரிசெய்துவிட்டார்.

அப்பாடா! இப்போதெல்லாம் பல் நெருடினால், என் கை வாய்க்குப் போவதில்லை, போனுக்குத்தான் போகிறது.