அக்காவின் மொட்டைப் படம்

எட்டாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சார் ஒரு பாடவேளை முழுவதையும் ஒரே விஷயத்துக்கு ஒதுக்கினார். பெயர், போன் நம்பர், பாஸ்வேர்டு, போட்டோ, இவற்றை முன்பின் தெரியாதவர்களிடம் கொடுக்கக் கூடாது. நான் அதைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் இருந்தது நைனாவின் போன் ஒன்றுதான். அவருக்கு அதில் பேச மட்டுமே தெரியும், மற்ற எல்லாம் என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அதே வாரம், அம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக அக்கா மலையில் முடி கொடுத்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாக வேண்டிக்கொண்டது. இடுப்பைத் தொடும் முடி. அப்போது அவள் அரக்கோணத்தில் காலேஜ் இரண்டாம் வருடம். கூட்டமில்லாத வியாழக்கிழமையாகப் பார்த்துப் போனோம். தலையில் சந்தனத்தோடு அவள் படியில் உட்கார்ந்து சிரித்தபோது நான் படம் எடுத்தேன்.

"காலேஜ்ல யாருக்கும் தெரியக் கூடாதுடி. ஜுரம்னு சொல்லிட்டு, திங்கக்கெழம துப்பட்டாவ சுத்திகினு போயிடுவேன்" என்றாள்.

"ஆங், சொல்ல மாட்டேங்க்கா" என்றேன்.

சொல்லவும் இல்லை. நைனாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன், அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள், நாளைக்குத் தானாக மறைந்துவிடும் என்று நினைத்தேன். முன்பின் தெரியாதவர் யாருடைய நம்பரும் அந்தப் போனில் இல்லையே. அக்காவின் வகுப்புத் தோழிகள் அத்தனை பேரின் நம்பரும் அதில்தான் இருந்தது என்பது என் நினைவுக்கே வரவில்லை. பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏற ஏறப் பூரித்துப்போனேன். சிரிக்கிற பொம்மைகள் வந்தன. சந்தோஷப்படுகிறார்கள் என்று நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

திங்கட்கிழமை மத்தியான ரயிலிலேயே அக்கா திரும்பிவிட்டாள். அந்தப் படத்துக்கு மீசை வரைந்து, பட்டப்பெயரும் வைத்து, வகுப்பு குரூப்பில் சுற்றவிட்டிருந்தார்கள். நான் பதறிப்போய்ப் போனை எடுத்துப் பார்த்தேன். ஸ்டேட்டஸ் எப்போதோ மறைந்திருந்தது. படம்தான் மறையவில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. இரண்டு அடி அடித்திருந்தால் தேவலாம்.

"கொயந்த, தெரியாம பண்ணிடுச்சி. உடும்மா" என்றார் நைனா.

அம்மா தையல் ஆறாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். அக்கா அதற்குப் பிறகு காலேஜ் பக்கம் போகவே இல்லை. முடி தோளுக்கு வளர்ந்த பிறகும் போகவில்லை.

அந்த மாதப் பரீட்சையில் சார் அதே பாடத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டிருந்தார். எனக்கு முழு மதிப்பெண். விடைத்தாளை அக்காவிடம் ஆசையாக நீட்டினேன். என் பெயர், என் நம்பர், என் போட்டோ என்று நான் வரிசையாக எழுதியிருந்ததை அவள் விரல் வைத்து நிதானமாகப் படித்தாள்.

"நல்லாதான் எழுதிகீற" என்றாள்.

மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.